சூனியன் தூணில் 20 பள்ளம் பொருந்தவில்லையா? 16 போடுங்கள்

கிரேக்க நாட்டின் சூனியன் முனையிலுள்ள பொசைடன் (கடல் தெய்வம்) கோயிலின் தூணை முப்பரிமாண மாதிரியாக வரைந்தால் புகைப்படத்தோடு ஏன் ஒட்டவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அந்தத் தூண்களில் மேலிருந்து கீழாகச் செதுக்கிய நெடுக்குப் பள்ளங்கள் 16தான். நீங்கள் 20 வைத்து வரைந்ததால்தான் ஒட்டவில்லை.

ஏதென்ஸின் பார்த்தெனான் போன்ற, டோரிக் எனும் எளிய கிரேக்கத் தூண் பாணியிலான கோயில்களின் வழக்கமான கணக்கு 20. அங்கிருந்து அளவை எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சூனியன் தூணின் அடிவிட்டம் ஏறக்குறைய 1 மீட்டர், உயரம் 6.10 மீட்டர். 16 பள்ளம் என்றால் அடியில் ஒவ்வொன்றும் சுமார் 20 செ.மீ. அகலம் வரும், 20 என்றால் 16 செ.மீ.க்கும் குறைவு. தூரத்திலிருந்து பார்க்கும்போதும் அந்தத் தூண்கள் அவ்வளவு ஒல்லியாகவும் தெளிவாகவும் தெரிவதில் இந்த அகலப் பள்ளங்களுக்கும் பங்குண்டு. எனக்கு அது தனி அழகு!

சரிபார்க்க, தூண் நேராகத் தெரியும் படம் ஒன்றைப் பெரிதாக்கி எண்ணுங்கள். ஒரு பக்கத்தில் பாதிச் சுற்றுதான் தெரியும். அதனால் 8 பள்ளம் வந்தால் சரி. ஓரத்தில் இருப்பவை கோடு போல ஒடுங்கியிருக்கும், அவற்றை விட்டுவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: உப்புக்காற்று அரித்த கற்களில் பள்ளங்களுக்கு இடையிலுள்ள கூர்விளிம்பு மழுங்கி, இரண்டு பள்ளம் ஒன்றாகத் தெரியலாம். விளிம்பு கூராக இருக்கும் தூணில் எண்ணுங்கள். அப்புறம், பக்கத்துக் குன்றிலுள்ள அதீனா கோயில் அயோனிக் எனும் வேறொரு கிரேக்கத் தூண் பாணி. அதற்கு இந்த எண்ணிக்கையைப் போட வேண்டாம்.