மாணவர் மையக் கற்றல்: புலத்தலைவர் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: அரசுப் பிராந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அண்மையில் புலத்தலைவராகப் (டீன்) பொறுப்பேற்றுள்ளேன். எங்கள் மாணவர்களில் பலர் குடும்பத்தில் முதன்முதலாக உயர்கல்விக்கு வந்தவர்கள். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களும் உண்டு. மாணவர் மையக் கற்றலை, அதாவது விரிவுரையைக் கேட்பதோடு நில்லாமல் மாணவர்களே விவாதித்தும் செய்துபார்த்தும் கற்கும் முறையைக் கொண்டுவர நிர்வாகம் தீர்மானம் நிறைவேற்றியது, பயிற்சி முகாம்களும் நடந்தன. வகுப்பறையில் எதுவும் மாறவில்லை. பாடத்தை முடிக்கவே நேரமில்லை என்கிறார்கள் ஆசிரியர்கள். குழுவாக விவாதிக்கச் சொன்னால், நீங்களே நடத்திவிடுங்கள் என்கிறார்கள் மாணவர்கள். கூடுதல் நிதியும் இல்லை. என்ன செய்வது?

பதில்: முகாமில் கற்றதை ஆசிரியர் வகுப்பில் செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் அவருடைய மனநிலை காரணமில்லை. வினாத்தாள், கால அட்டவணை, பதவி உயர்வு விதி ஆகிய மூன்றும் பழைய முறைக்கே சாதகமாக இருக்கும்போது, தனி ஆசிரியர் ஒருவர் புதிய முறைக்கு மாறினால் இழப்பு அவருக்குத்தான். இந்த மூன்றையும் மாற்றும் அதிகாரமோ, மாற்றச் சொல்லி வலியுறுத்தும் இடமோ உங்களுக்கு இருக்கிறது.

முதலில் வினாத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கற்றலின் நோக்கம், வகுப்பில் நடக்கும் செயல், மதிப்பீடு ஆகியவை ஒன்றோடொன்று இசைந்திருக்க வேண்டும் என்பதைக் கல்வியியலாளர் ஜான் பிக்ஸ் 1996இல் ஒரு கோட்பாடாகவே வகுத்தளித்தார். மனப்பாடத்தைக் கேட்கும் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் மாணவரைக் குறை சொல்ல இயலாது. ஆகவே கடந்த சில ஆண்டுகளின் வினாத்தாள்களைத் துறைவாரியாகத் திரட்டி, குறிப்பேட்டில் உள்ளதை அப்படியே எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும் வினாக்கள் எத்தனை என்று கணக்கெடுத்து, அந்தக் கணக்கைப் பாடத்திட்டக் குழுவின் முன் வையுங்கள். எந்த அறிவுரையையும்விட அந்த ஒரு தாள் அதிகம் பேசும். பாடத்தை முடிக்க நேரமில்லை என்ற முறையீட்டுக்கும் அதே குழுவில்தான் விடை காண வேண்டும். பாடத்திட்டத்தைக் குறைக்கும் அதிகாரத்தைத் தராமல் நடத்தும் முறையை மட்டும் மாற்றச் சொல்வது நியாயமாகாது.

தயங்கும் ஆசிரியர்களிடம் ஆதாரத்தோடு பேசுங்கள். 2014இல் ஸ்காட் ஃப்ரீமனும் உடன் ஆய்வாளர்களும் 225 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்ததில், விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் தோல்வி விகிதம் சராசரியாக 33.8 விழுக்காடாகவும், மாணவர்கள் செயலில் ஈடுபட்ட வகுப்புகளில் 21.8 விழுக்காடாகவும் இருந்தது. அவை அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். வரலாற்றுத் துறையிடம் இந்த எண்களை நீட்டினால் அவர்கள் மறுப்பது சரியே.

மாணவர்களின் எதிர்ப்பு எதிர்பார்க்க வேண்டியதுதான். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019இல் வெளியான ஆய்வொன்றில், செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் உண்மையில் கூடுதலாகக் கற்றிருந்தும், குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். தானே முயன்று தடுமாறுவதைவிடத் தெளிவான விரிவுரையைக் கேட்பது எளிதாக இருப்பதால், அந்த எளிமையையே கற்றல் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. பருவத்தின் தொடக்கத்திலேயே இதை ஆசிரியர் மாணவர்களுக்கு விளக்கினால் எதிர்ப்பு தணியும். ஆனால் தலைமையின் கடமை அதோடு முடிவதில்லை: புதிய முறையை முயலும் ஆசிரியருக்கு மாணவர்கள் கருத்துப் படிவத்தில் தரும் மதிப்பெண்கள் முதல் இரு பருவங்களுக்குப் பதவி உயர்வில் அவருக்கு எதிராகக் கொள்ளப்படமாட்டா என்பதை எழுத்தில் கொடுங்கள். வாய்மொழி உறுதியை நம்பி யாரும் துணிவதில்லை, நம்பாததில் தவறும் இல்லை.

வேலை பார்க்கும் மாணவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதே என் பார்வையில் முக்கியமானது. குழுப்பணியை வகுப்பு நேரத்துக்கு வெளியே தள்ளினால், மாலையில் வேலைக்குப் போகும் மாணவரை அது விலக்கிவிடும். பெயருக்கு மாணவர் மையம், நடைமுறையில் வசதியுள்ள மாணவர் மையம் என்றாகிவிடும். 1974இல் தொடங்கப்பட்ட டென்மார்க்கின் ஓல்போர் பல்கலைக்கழகம் குழுவாகச் செய்யும் திட்டப்பணியைத் தொடக்கத்திலிருந்தே பாடத்திட்டத்துக்குள் வைத்திருக்கிறது. அது கூடுதல் சுமையாக இல்லாமல் படிப்பின் பகுதியாகவே இருக்கிறது. நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. தனித்தனியாக வரும் இரண்டு பாடவேளைகளை அடுத்தடுத்து வருமாறு கால அட்டவணையில் இணைத்து, நாற்காலிகளை நகர்த்தக்கூடிய ஓர் அறையை ஒதுக்கினாலே விவாதத்துக்கும் பயிற்சிக்கும் இடம் பிறக்கும். இதற்குப் பணம் தேவையில்லை, அட்டவணை தயாரிப்பவரின் ஒத்துழைப்பு தேவை.

எல்லாத் துறைகளிலும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். முதலாண்டில் அதிக மாணவர்கள் தோல்வியடையும் ஒரு பாடத்தைத் தேர்ந்து, தாமாக முன்வரும் இரண்டு மூன்று ஆசிரியர்களிடம் ஒப்படையுங்கள். மூத்த பேராசிரியர் ஒருவர் விரிவுரையை விடமாட்டேன் என்றால் விட்டுவிடச் சொல்ல வேண்டாம். நல்ல விரிவுரைக்கும் இடமுண்டு. பாதியில் நிறுத்தி ஒரு வினாவைக் கொடுத்து, பக்கத்தில் இருப்பவரோடு சில நிமிடம் பேசி விடை சொல்லச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் பரவலாக்கிய முறையின் சாரம் ஏறத்தாழ அதுவே. பருவ முடிவில் அந்தப் பாடத்தின் தோல்வி விகிதத்தை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டு, இடையில் நின்றவர்களின் எண்ணிக்கையையும் மறைக்காமல் சேர்த்து, கல்விப் பேரவைக்கு அனுப்புங்கள். பதவி உயர்வு விதியில் கற்பித்தலுக்கான எடையை உயர்த்தும் முன்மொழிவை அதே கூட்டத்தில் வைப்பது நல்லது.