எல்லோரும் சிரித்தோம்

கேள்வி (சுருக்கம்): எங்கள் தொகுதியில் போட்டி இருவருக்கிடையில்தான். ஒருவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். மற்றவர் பொறியியலும் மேலாண்மையும் முடித்த பட்டதாரி. முன்னவர் அறிவுக்கும் படித்தவர்களுக்கும் எதிரானவராக இருப்பாரோ என்று அஞ்சுகிறேன். இதை எப்படிக் கணிப்பது? பட்டதாரி வேட்பாளர் கலகலப்பாகப் பழகுகிறார். எங்கள் தெருவுக்கு வந்தபோது, ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியையான என் மனைவி ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள புளோரைடைப் பற்றிக் கேட்டாள். "எங்க தாத்தா குடிச்ச தண்ணிதானே டீச்சர், பாடத்தை ஸ்கூல்ல நடத்துங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம்.
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், தர்மபுரி மாவட்டம்

பதில்: நீங்கள் அனுப்பிய நான்கு பக்கங்களில் மூன்றரைப் பக்கம் இருவருடைய படிப்பைப் பற்றியே இருக்கிறது. வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தின் கல்வித் தகுதிப் பகுதியை எழுத்துப் பிசகாமல் எடுத்து எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தேடும் விடையோ, கடைசியில் போகிற போக்கில் எழுதிய இரண்டு சொற்களில் கிடக்கிறது. "எல்லோரும் சிரித்தோம்" என்கிறீர்களே, அந்த எல்லோரில் உங்கள் மனைவியும் உண்டா?

முதலில் அந்த வேட்பாளரின் பதிலை உரசிப் பார்ப்போம். அவருடைய தாத்தா குடித்தது பெரும்பாலும் திறந்த கிணற்றுத் தண்ணீராக இருந்திருக்கும். இன்று நீங்கள் குடிப்பது, பல நூறு அடி ஆழத்தில் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் கிடந்து, அந்தப் பாறையின் புளோரைடைக் கரைத்துக்கொண்டு மேலே வரும் நீர். ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேற்பட்ட நீரை ஆண்டுக்கணக்கில் குடிக்கும் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். அளவு இன்னும் மிகுந்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். கொதிக்க வைத்தாலும் புளோரைடு போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே புளோரோசிஸ் எனப்படும் இந்தப் பாதிப்பைத் தணிப்பதும் சேர்ந்திருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் வாக்குக் கேட்டு வருகிறவருக்கு இது பாலபாடம். அவருக்குத் தெரியாமல் இருந்திருந்தாலும் குற்றமில்லை, "விசாரித்துச் சொல்கிறேன், டீச்சர்" என்று சொல்லியிருந்தால் போதும். அவரோ கேள்வியை விட்டுவிட்டுக் கேட்டவருடைய தொழிலையே கேலிப்பொருளாக்கினார். நீங்கள் அஞ்சுகிற குணம் இதுதான், ஐயா. அது இரண்டு பட்டங்களோடு உங்கள் தெருவுக்கே வந்து போயிருக்கிறது.

பட்டத்தை வைத்து இதை அளந்தால் நம் சொந்த வரலாறே நமக்குப் புரியாது. 1953-இல், கிராமத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் நாளில் மூன்று மணி நேரம் படித்தால் போதும், மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் கொண்டுவந்தவர் பெரும் படிப்பாளியான ராஜாஜி. அடுத்த ஆண்டே அதைக் கைவிடச் செய்தவர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட காமராசர். கட்சித் தலைமைப் போட்டியில் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்திடமே நிதியையும் கல்வியையும் ஒப்படைத்தார், நெ.து. சுந்தரவடிவேலுவைக் கல்வி இயக்குநராக்கி அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டார்; 1956-இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். இதைக் காட்டி, படிக்காதவரெல்லாம் காமராசர் என்று மேடையில் முழங்குகிறவர்களையும் நான் நம்புவதில்லை. தெரிந்தவரைத் தேடிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இருந்தது. உங்கள் எட்டாம் வகுப்புக்காரருக்கு இருக்கிறதா என்பதைப் பற்றி நான்கு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

இனி உங்களைப் பற்றி. ஊர்ப் பிள்ளைகளின் பல்லையும் எலும்பையும் நினைத்து ஒரு பெண்மணி தெருவில் நின்று கேட்கிறார். அவர் சொன்னதில் பிழை இல்லை என்பது அந்தக் கூட்டத்தில் வேறு யாரையும்விட அவரோடு வாழும் உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் "கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், தம்பி" என்று குரல் கொடுக்க வேண்டிய கடமை கணவருக்கு உண்டு என்று நினைக்கிறவன் நான். பழைய காலத்து மனிதன் என்று சொன்னாலும் சரி. நீங்கள் கூட்டத்தோடு சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து, அறிவுக்கு எதிரி யார் என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். அதை எழுதும்போதாவது அடுத்த அறையில் இருந்தவரை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

இன்றைக்கே அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். காப்பி போட்டுக் கொடுத்துச் சமாளிக்காமல், எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை வாய் திறந்து சொல்லுங்கள். பிறகு உங்கள் தெருக் குழாய்த் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதித்து, அந்தத் தாளோடு இருவரும் எட்டாம் வகுப்புக்காரரிடம் போங்கள், பட்டதாரியிடமும் மறுபடி போங்கள். உங்கள் மனைவியே கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். தாளை யார் வாங்கிப் படிக்கிறார், புரியாத இடத்தில் யார் திருப்பிக் கேட்கிறார், யார் கைகூப்பிவிட்டு அடுத்த வீட்டுக்கு நழுவுகிறார் என்று பாருங்கள். நடந்ததை எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தை அவரே எழுதினால் இன்னும் நல்லது.