‘சிறப்பு’ ஏன் ‘ஹெவன்’ ஆனது? மொழிபெயர்ப்பில் எம்.ஏ. சேரும் மாணவிக்கு

சிறுகதைகளை மொழிபெயர்த்த பழக்கம் உண்டு, ஆனால் இரண்டாம் ஆண்டில் ஆய்வேடு எழுத வேண்டும் என்றதும் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்று அம்மா கவலைப்படுவதையும் சொல்லியிருந்தீர்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். நன்றாக மொழிபெயர்ப்பது ஒரு திறமை. ஒரு மொழிபெயர்ப்பு ஏன் அப்படி அமைந்தது என்று துருவிக் கண்டுபிடிப்பதற்கு வேறு பயிற்சி வேண்டும். வகுப்பு தொடங்குவதற்கு முன்பே அதை வீட்டிலிருந்து பழகலாம். எப்படி என்று ஒரே ஒரு குறளை வைத்துச் சொல்கிறேன்.

31ஆவது குறளை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘சிறப்புஈனும் செல்வமும் ஈனும் அறத்தின்ஊங்கு ஆக்கம் எவனோ உயிர்க்கு.’ 1886இல் வந்த ஜி.யு. போப்பின் ஆங்கிலத்தில் ‘சிறப்பு’ என்பது ‘டிஸ்டிங்ஷன்’, அதாவது மேன்மை. அதற்கு முன்பே 1840இல் உரைநடையில் மொழிபெயர்த்த டபிள்யூ.எச். ட்ரூ அதே இடத்தில் ‘ஹெவன்’, அதாவது சொர்க்கம், என்று போட்டிருக்கிறார். அகராதியைப் புரட்டினால் போப் சரி, ட்ரூ தவறு என்று சொல்லத் தோன்றும். பெரும்பாலான மாணவர்கள் அங்கேயே நின்று, அதையே முப்பது பக்கத்துக்கு எழுதிவிடுகிறார்கள்.

நீங்கள் திருக்குறளின் பழைய உரையாசிரியரான பரிமேலழகரின் உரையைத் திறந்து பாருங்கள். சிறப்பு என்றால் வீடுபேறு, அதாவது பிறவியிலிருந்து விடுதலை, என்கிறார் அவர். ட்ரூ தம் மொழிபெயர்ப்பைப் பரிமேலழகர் உரையோடு சேர்த்தே வெளியிட்டவர். ஆக, அவர் கண் முன்னால் குறள் மட்டும் இல்லை, உரையும் இருந்தது. சரி, புதிர் தீர்ந்ததா? இன்னும் இல்லை. துறக்கம், அதாவது சொர்க்கம், பரிமேலழகர் கணக்கில் ‘செல்வம்’ என்ற சொல்லுக்குள் வருகிறது. வீடு அதற்கும் மேலானது. அந்த வீட்டைத்தான் ட்ரூ சொர்க்கம் ஆக்கியிருக்கிறார். பாதிரியாரான அவருடைய சமயப் பின்னணி காரணமா? அன்றைய ஆங்கில வாசகருக்குப் புரிய வேண்டும் என்று நினைத்தாரா? போப்பும் பாதிரியார்தானே, அவர் ஏன் அந்தப் பக்கம் போகவில்லை? செய்யுளாக எழுதியதால் வந்த நெருக்கடியா? இந்தக் கேள்விகள்தான் ஆய்வின் தொடக்கம். பதிலாக உங்களுக்குத் தோன்றுவதெல்லாம் இப்போதைக்கு ஊகம்தான். ஒரு குறளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

அதனால் எல்லை போடக் கற்றுக்கொள்ளுங்கள். ‘திருக்குறள் ஆங்கில மொழிபெயர்ப்புகள்: ஓர் ஆய்வு’ என்ற தலைப்பை எந்த எம்.ஏ. மாணவராலும் முடிக்க முடியாது. நூலின் தொடக்கப் பகுதியான பாயிரவியலின் 40 குறள்கள், இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள், உரையின் செல்வாக்கு என்ற ஒரே கேள்வி என்று வைத்துக்கொண்டால் முடியும். காமத்துப்பாலைத் தேர்ந்தெடுத்தால் இந்த ஒப்பீடே நடக்காது. ட்ரூ முதல் 63 அதிகாரங்களோடு நின்றுவிட்டார், மிச்சத்தை முடித்தவர் ஜான் லாசரஸ். தலைப்பைப் பதிவு செய்த பிறகு இது தெரியவந்தால் ஆறு மாதம் போய்விடும்.

பதிப்பு விஷயத்தில் கறாராக இருங்கள். போப்பின் செய்யுளையும் ட்ரூ–லாசரஸ் உரைநடையையும் யாருடையது எது என்று சொல்லாமல் அடுத்தடுத்துப் போடும் இணையதளங்கள் உண்டு. அங்கிருந்து நகலெடுத்தால் ஆய்வேட்டின் அடித்தளமே ஆட்டம் காணும். பழைய பதிப்பின் படிமத்தைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடுங்கள். சென்னைக்கு வர முடிந்தால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் ஒரு நாள் உட்காருங்கள். எடுத்த குறிப்பு ஒவ்வொன்றுக்கும் பதிப்பு, ஆண்டு, பக்க எண் மூன்றையும் அப்போதே எழுதிவிடுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட பக்க எண்ணுக்காகக் கடைசி வாரம் அலைந்து அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் தலைப்பில் முன்பே யாராவது ஆய்வு செய்திருக்கிறார்களா என்று ‘சோத்கங்கா’ தளத்தில் பாருங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கும். முழுக்கப் படிக்க வேண்டாம். முன்னுரையையும், தரவு எப்படித் திரட்டினார்கள் என்ற பகுதியையும் ஐந்தாறு ஆய்வேடுகளில் படித்தாலே வழி பிடிபடும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் நூற்பட்டியல் கேட்காதீர்கள். இல்லாத நூலுக்கும் அது ஆண்டும் பதிப்பகமும் சேர்த்துக் கொடுத்துவிடும்.

அம்மாவின் கவலைக்கும் பதில் சொல்ல வேண்டும். இந்தப் படிப்பை முடித்தவுடன் நிரந்தர வேலை கையில் வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் ஹைதராபாத் பல்கலைக்கழகத்திலும் மொழிபெயர்ப்பில் ஆய்வு செய்யத் துறைகள் இருக்கின்றன. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும். எம்.ஏ. ஆய்வேட்டை ஒழுங்காகச் செய்திருந்தால், முனைவர் பட்டத்துக்கான நேர்காணலில் தடுமாறாமல் பேசலாம்.

இப்போதைக்கு 31 முதல் 40 வரை பத்துக் குறள்களுக்கு நாலு கட்டத்தில் ஓர் அட்டவணை போடுங்கள்: மூலச் சொல், பரிமேலழகர் பொருள், ட்ரூ, போப். உங்கள் ஊகத்தை அதில் கலக்காமல் தனித்தாளில் எழுதி, இரண்டையும் எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டுப் பேசுவோம்.