ஒரே சர்வரில் இரண்டு பார்சர்கள்

கேள்வி: மண்டபத்தில் இறால் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணினிப் பிரிவில் பணிபுரிகிறேன். கொள்முதல் விவரங்களை எக்ஸ்எம்எல் கோப்புகளாகப் பெறும் எங்கள் ஜாவா செயலி என் மடிக்கணினியில் ஒழுங்காக ஓடுகிறது; ஜாவா செயலிகளை இயக்கும் டாம்கேட் சர்வரில் ஏற்றியதும் ‘அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் எரர்’ காட்டி நின்றுவிடுகிறது. கோப்பில் பிழையா?

பதில்: கோப்பைச் சந்தேகிக்க வேண்டாம். ஒரு லைப்ரரியின் (ஆயத்த நிரல் தொகுப்பின்) புதிய பதிப்பை நம்பி எழுதிய நிரலுக்கு, ஓடும்போது அதன் பழைய பதிப்பு அகப்பட்டால்தான் பெரும்பாலும் இந்தப் பிழை எழும். எக்ஸ்எம்எல் கோப்பைப் படித்துப் பிரித்துத் தரும் பார்சர் ஒன்று ஜாவாவுக்குள்ளேயே உண்டு. ஆயினும் செயலியின் ‘லிப்’ கோப்புறையில் ஜெர்சஸ் என்ற வேறொரு பார்சரின் பழைய ஜார் (ஜாவா நிரல் பொதி) ஒன்று கிடந்தால், ஜாவா பெரும்பாலும் தன்னுடையதை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளும். அதை நீங்கள் சேர்த்திருக்க மாட்டீர்கள். வேறொரு லைப்ரரி தன்னோடு இழுத்து வந்திருக்கும், இதுதான் பலரையும் அலைக்கழிப்பது.

முதலில், பார்சரை உருவாக்கித் தரும் ‘டாக்குமென்ட் பில்டர் ஃபேக்டரி’ உருவானதும் அதன் கிளாஸ் பெயரை லாகில் அச்சிடுங்கள். ‘காம்.சன்’ என்று தொடங்கினால் ஜாவாவினுடையது, ‘ஆர்க்.அப்பாச்சி.ஜெர்சஸ்’ என்றால் வெளியிலிருந்து வந்தது. லைப்ரரிகளைத் திரட்டித் தரும் மேவன் கருவியைப் பயன்படுத்தினால் ‘டிபென்டென்சி ட்ரீ’ கட்டளை அதை இழுத்து வந்த லைப்ரரியைக் காட்டிக்கொடுக்கும். மேவனின் ‘பாம்’ கோப்பில் அந்த லைப்ரரியின் பதிவிலேயே ‘எக்ஸ்க்ளூஷன்’ எழுதி ஜெர்சஸை விலக்குங்கள். ஜாவா 9 முதல், உள்ளமைந்த பார்சரையே கேட்டுப் பெற ‘நியூ டிஃபால்ட் இன்ஸ்டன்ஸ்’ என்ற மெத்தடும் இருக்கிறது.

மறுபடி ஏற்றுவதற்கு முன் சர்வரில் செயலி விரிந்து கிடக்கும் பழைய கோப்புறையை அவசியம் அழித்துவிடுங்கள்.