களைக்கொல்லியால் வந்த நடுக்கமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 63. கரும்பு, கடலைக்கு இருபது வருஷமாகப் பாராக்வாட் என்ற களைக்கொல்லி அடித்தவர். இப்போது வலது கை நடுங்குகிறது, பார்க்கின்சன் என்கிறார்கள். மருந்து அடித்ததுதான் காரணமா? எனக்கும் வருமா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: ஒருவருக்கு இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல எந்தப் பரிசோதனையும் இல்லை. சந்தேகத்துக்கு மட்டும் வலுவான அடிப்படை உண்டு. 1982-ல் கலிபோர்னியாவில் கலப்பட போதை ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் சில நாட்களிலேயே மரக்கட்டை போல விறைத்துப்போனார்கள். அதிலிருந்த எம்.பி.டி.பி. என்ற ரசாயனம் மூளைக்குள் போய் வேறொரு நச்சாக மாறி, உடல் அசைவைச் சீராக்கும் டோபமைனைச் சுரக்கும் செல்களின் சக்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியாவை முடக்கியது. பார்க்கின்சனிலும் அழிவது இதே செல்கள்தான். அந்த நச்சும் பாராக்வாட்டும் மூலக்கூறு வடிவில் ஏறக்குறைய அண்ணன் தம்பி. பாராக்வாட்டைக் கையாண்ட விவசாயிகளிடம் இந்நோய் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டின. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் அதற்கு அனுமதி இல்லை.

பரம்பரையும் உண்டு. ஆல்ஃபா சைனூக்ளின் என்ற மூளைப் புரதத்துக்கான மரபணுவில் கோளாறு இருந்தால் இந்நோய் வரும் என்று 1997-ல் கண்டறியப்பட்டது. ஆனால் ஒற்றை மரபணுவால் வருவது சிறுபான்மைதான். உங்களுக்குப் பயம் வேண்டாம்.

களைக்கொல்லியைக் காரணம் சொல்வதற்கு முன் ஒன்று. தலைசுற்றலுக்குச் சின்னாரிசின், வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு மாதக்கணக்கில் சாப்பிட்டாலும் இதே நடுக்கம் வரலாம். மாத்திரையை மாற்றினால் பெரும்பாலும் தணியும். பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். பார்க்கின்சனுக்கு முன்னோடியாக வரக்கூடிய வாசனை தெரியாமை, மலச்சிக்கல், தூக்கத்தில் கத்தி உதைப்பது முன்பே இருந்ததா என்று அம்மாவைக் கேட்டு அதையும் சொல்லுங்கள்.

இனி அடிப்பவர்கள் முதுகில் கட்டும் டேங்க் கசிகிறதா என்று முதலில் பாருங்கள். நனைந்த சட்டையோடு வேலை செய்வதுதான் ஆபத்து.