கோர்ஸில் சேர்வதற்கு முன் ஒரு படி

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறீர்கள், சிஎஃப்டி (காற்று, நீர் போன்றவற்றின் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடுவது) வேலைக்குப் போக ஆசை, எந்த சாஃப்ட்வேர் கோர்ஸில் சேரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சாஃப்ட்வேரை ஓட்டுவது சில மாதங்களில் கைவந்துவிடும். வந்த விடையை நம்பலாமா, கூடாதா என்று சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை.

சுழல்கள் நிறைந்த கொந்தளிப்பு ஓட்டத்தில் இந்தச் சந்தேகம் அவசியம். பெரிய சுழலிலிருந்து மிகச் சிறியது வரை எல்லாவற்றையும் நேரடியாகக் கணக்கிடப் போனால், ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் வேகமும் அளவும் கூடினால் கூடும், பாகுத்தன்மை கூடினால் குறையும் எண்) இரட்டிப்பாகும்போது வேலை ஏறத்தாழ 8 மடங்காகும். முழு விமானத்துக்கு அப்படிச் செய்வது இன்றைய சூப்பர் கம்ப்யூட்டருக்கும் எட்டாது. அதனால் சராசரி ஓட்டத்தை மட்டும் கணக்கிட்டு, சுழல்களின் விளைவுக்கு ஒரு மாடலை வைக்கிறோம். கே-எப்சிலான், 1994-இல் மென்டர் வெளியிட்ட எஸ்எஸ்டி எல்லாம் அந்த வகை. அவற்றின் மாறிலிகள் சில எளிய ஓட்டங்களைப் பார்த்துப் பொருத்தியவை; வேறு மாதிரி ஓட்டம் வந்தால் சறுக்கும்.

எப்படிச் சறுக்கும் என்று நீங்களே பார்த்துவிடுங்கள். ஓபன்ஃபோம் என்ற சிஎஃப்டி சாஃப்ட்வேர் இலவசம், லேப்டாப் போதும். அதில் இந்த ஓட்டத்தைப் போட்டுப் பாருங்கள். தரை சட்டென்று ஒரு படி இறங்கும் இடத்தில் ஓட்டம் பிரிந்து, கொஞ்சம் தள்ளி மறுபடி தரையைத் தொடும். டிரைவரும் சீக்மில்லரும் 1985-இல் வெளியிட்ட சோதனையில் அந்தத் தூரம் படியின் உயரத்தைப் போல் 6 மடங்குக்குச் சற்று மேல். வழக்கமான கே-எப்சிலான் அதைக் குறைத்துக் காட்டும். வண்ணப் படம் என்னவோ அழகாகத்தான் இருக்கும்! அப்புறம் எஸ்எஸ்டி போட்டுப் பாருங்கள். மெஷ்ஷை, அதாவது ஓட்டப் பகுதியைச் சிறு செல்களாகப் பிரிக்கும் வலையை, நெருக்கிப் பாருங்கள். சுவரை ஒட்டிய முதல் செல்லில் ஒய்-பிளஸ் (சுவரிலிருந்து உள்ள தூரத்தைச் சொல்லும் பரிமாணமற்ற எண்) எவ்வளவு என்று பாருங்கள். நேர்காணலில் பலர் விழிப்பது இந்தக் கேள்விக்குத்தான். எதை மாற்றியபோது விடை எவ்வளவு நகர்ந்தது என்று நாலு பக்கம் எழுதி வையுங்கள். சான்றிதழைவிட அந்த நாலு பக்கத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள்.

கணக்கு பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். ஓட்டத்தை விவரிக்கும் அடிப்படையான நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டுக்கு முப்பரிமாணத்தில் எப்போதும் சீரான தீர்வு உண்டா என்பதற்கு 2000-இல் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தார்கள், இன்னும் யாரும் வாங்கவில்லை. அதை விடுங்கள். எல்லைப் படலமும் (சுவரை ஒட்டி ஓட்டத்தின் வேகம் குறையும் மெல்லிய அடுக்கு) பகுதி வகைக்கெழுவும் தெளிவாகத் தெரிந்தால் வேலை தொடங்கலாம். மாடலையே உருவாக்கும் வேலை என்றால் முனைவர் பட்டம் வரை போக வேண்டியிருக்கும்.

சரி, படிக் கணக்கை முடித்துவிட்டு எழுதுங்கள். எந்த கோர்ஸ் என்று அப்போது பார்க்கலாம்.