திவானாகு தூபக்கலங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பெரு–பொலிவியா எல்லையிலுள்ள டிட்டிகாக்கா ஏரி பற்றிய உங்கள் கட்டுரையில் பூமா என்ற காட்டுப்பூனையின் தலை வைத்த மண்கலம் ஒன்றின் படம் இருந்தது. தூபக்கலம் என்று எழுதியிருந்தீர்கள். அது சமையல் பாத்திரமாகவோ விளக்காகவோ ஏன் இருக்கக் கூடாது? அதில் போதை விதைகளைப் புகைத்ததாக ஒரு காணொளியில் சொன்னார்களே, உண்மையா? இவ்வளவு வேலைப்பாடுள்ள பொருளை ஏரியில் ஏன் போட்டார்கள்?

கே.எஸ்., மதுரை

அன்புள்ள கே.எஸ்.,

கரி எங்கே பிடித்திருக்கிறது என்று பாருங்கள். அடுப்பில் ஏறிய பானைக்கு வெளியடி கறுக்கும். தூபக்கலத்தில் தணல் உள்ளே கிடப்பதால் உட்சுவரும் வாய் விளிம்பும் கறுக்கும். வெளிப்பூச்சு பெரும்பாலும் தப்பிவிடும். கையளவு ஓட்டுத்துண்டு கிடைத்தாலே போதும், இதைச் சொல்லிவிடலாம். வடிவமும் அதற்கேற்றதுதான். அகன்ற வாய், அலையலையான விளிம்பு, முன்னால் தலை, பின்னால் வால். திரி வைக்க மூக்கு கிடையாது.

தலை ஒட்டும் இடம்தான் கலத்தின் பலவீனம். உடலும் தலையும் ஒரே ஈரப்பதத்தில் இருக்கும்போது ஒட்ட வேண்டும். உடல் காய்ந்தபின் ஒட்டினால் இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கி, இணைப்பில் விரிசல் விழும். தலையைக் கனமாக விட்டு, உள்ஈரம் போகும் முன் சுட்டாலோ, நீராவி அதை வெடிக்கவைத்துவிடும். தலை மட்டும் தனியாக அருங்காட்சியகங்களில் இருப்பதைப் பார்த்தால் வியக்க வேண்டாம்.

என்ன எரித்தார்கள்? ஆண்டிஸ் மக்கள் லாமாக் கொழுப்பைத் தெய்வங்களின் முன் எரித்ததை 1621இல் யேசு சபைப் பாதிரியார் அரியாகா பதிவு செய்திருக்கிறார். இந்தக் கலங்களைச் செய்த திவானாகு நாகரிகத்துக்குச் சில நூற்றாண்டுகள் பிந்திய சாட்சி அது. பொலிவியாவில் இன்றும் பச்சமாமா என்ற பூமித்தாய்க்கான படையலில் கொழுப்பு, கோக்கா இலை, கோவா என்ற வாசனைச் செடி எல்லாம் தணலில் போகின்றன. கொழுப்பைச் சிறிதுசிறிதாகப் போட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் குப்பென்று தீப்பிடிக்கும், புகை வராது. ஏரி இருப்பது சுமார் 3,800 மீட்டர் உயரத்தில். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. அங்கே தணலை அணையாமல் வைத்திருப்பதே ஒரு வேலை.

காணொளிக்காரர் இரண்டு சடங்குகளைக் குழப்பிவிட்டார். வில்கா என்ற போதை விதையைப் பொடித்து, மரப்பலகையில் வைத்து, குழாயால் மூக்கில் உறிஞ்சுவார்கள். சிலியின் சான் பெத்ரோ தே அத்தகாமா கல்லறைகளில் திவானாகு உருவங்கள் செதுக்கிய அத்தகைய பலகைகள் ஏராளம். வடமேற்கு அர்ஜென்டினாவில் அந்த விதையைக் குழாயில் புகைத்ததற்கும் சான்றுண்டு. ஆனால் வாய் திறந்த இந்தக் கலத்தில் போட்டால் புகை முழுக்க வானத்துக்குத்தான் போகும்; மனிதன் இழுக்க எதுவும் மிஞ்சாது.

இனி ஏரி. சூரியத் தீவுக்கு அருகே கோவா என்னும் பாறைத்திட்டில் 2013இல் நீருக்கடியில் அகழ்ந்தார்கள். முடிவுகள் 2019இல் வெளியாயின. பூமாத் தூபக்கலங்களோடு தங்க அணிகள், ஸ்பாண்டிலஸ் சிப்பி, பலியிட்ட லாமாக் குட்டிகளின் எலும்புகள் கிடைத்தன. காலம் கி.பி. 8 முதல் 10ஆம் நூற்றாண்டு. ஸ்பாண்டிலஸ் வளர்வது ஈக்வடார்ப் பக்கத்து வெதுவெதுப்பான கடலில். அவ்வளவு தொலைவிலிருந்து கொண்டுவந்த பொருளை யாரும் தவறவிட்டுவிட்டுப் போகமாட்டார்கள். அருகே நங்கூரக் கற்களும் கிடந்ததால், படகைக் கட்டி நிறுத்தி மேலிருந்து இறக்கியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

ஆக, கலம் படையலுக்கான கருவி மட்டுமல்ல, அதுவே படையலில் ஒரு பகுதி. அதே ஏரியின் பரித்தி தீவில் 2004இல் கண்டெடுத்த குழிகளிலும் இதே போக்குதான்: அருமையான மண்பாண்டங்களை வேண்டுமென்றே உடைத்து, விலங்கெலும்புகளோடு சேர்த்துப் புதைத்திருந்தார்கள்.